சீட்டியும் அதன் சித்திரமும்

சென்ற தைத் திங்களில் நம் சங்கத்து அன்பர் ஒருவர் இல்லத்துத் திருமணத்திற்குச் சென்றிருந்தோம். பந்தி முடிந்து, பெரியோர் திண்ணையில் அமர்ந்து வெற்றிலை தரித்துக்கொண்டிருந்த வேளையில் ஒரு வழக்கு எழுந்தது. மணமகளுக்குக் கொடுக்க வைத்திருந்த பெட்டியினின்று எடுத்துக் காட்டப்பெற்ற பழைய சீட்டித் துணி ஒன்றே அவ்வழக்கிற்குக் காரணமாயிற்று. செந்நிற நிலத்தில் வளைந்தெழுந்த கொடி ஒன்று. அக்கொடியிற் பல்வகைப் பூக்கள். பூக்களுக்கிடையே இரண்டு கிளிகள். மணமகளின் பாட்டனார் தம் இளமையிலே தம் கையால் அச்சிட்டது அத்துணி என்று கூறினார்கள்.

ஆண்டில் முதிர்ந்த பெரியவர் ஒருவர் அதனைக் கையிலேந்தி, "பார்த்தீர்களா! நம் முன்னோர் எவர் கையையும் பார்த்து எழுதியவரல்லர். இந்தக் கொடியும் கிளியும் அவர்கள் உள்ளத்திலே தாமே முளைத்தவை. பின்னால் வந்த வெள்ளைக்காரன் பார்த்து எடுத்துக்கொண்டு போனான்" என்று பெருமிதத்தோடு மொழிந்தார்.

மணமகளின் தமையன் எம்மிடம் பயின்ற மாணவன். அவன் நகைத்து, "பெரியப்பா, இந்தப் பூ நம் ஊரில் எந்தச் செடியில் பூக்கிறது? சீமையார் மாதிரி கொடுத்தார்கள்; நம்மவர்கள் பார்த்து எழுதினார்கள். அவ்வளவுதான். பாட்டனாரின் மர அச்சுக்கள் நாற்பது பரணில் கிடக்கின்றன. பழம்பொருள் வாங்குபவர் ஒருவர் விலை பேசிவிட்டார். ஆடிக்குள் கொடுத்துவிடலாம் என்று இருக்கிறேன். வேண்டிய பூவும் கொடியும் இன்று எங்கும் கிடைக்கின்றன, இயந்திரத்திலே இட்டால் ஒரே நாளில் ஆயிரம் கெஜம் வந்து விழுகிறது" என்றான்.

பெரியவர் வெகுண்டார். பின்னர் இருவரும் எம்மை நோக்கி, "வாத்தியார் ஐயாவே சொல்லட்டும்" என்றனர். அப்பொழுது தக்க விடை கூற எம்மால் இயலவில்லை. வீடு திரும்பியபின், இப்பொருள் பற்றி யாம் கற்றறிந்தவற்றை ஒருங்கு தொகுத்து நோக்கினோம். அதன் பயனே இக்கட்டுரை. துணியின்மேல் எழுதும் சித்திரம் எங்கிருந்து பிறக்கின்றது என்பதே ஈண்டு யாம் ஆராயப் புகுந்த பொருளாகும்.

முதற்கண் சொற்களை நோக்குவோம். 'சீட்டி' என்பது புள்ளி தெளித்த துணியைக் குறிக்கும் வடநாட்டுச் சொல்லினின்று வந்தது. ஆங்கிலர் 'சின்ட்ஸ்' என்று வழங்குவதும் அச்சொல்லின் திரிபே. அவர் பருத்தித் துணியைக் 'காலிகோ' என்றது கள்ளிக்கோட்டைத் துறைமுகத்தின் பெயரால். பெரிய விரிப்புக்களை அவர் 'பாலம்போர்' என்றனர். கட்டிலைக் குறிக்கும் 'பலங்' என்பதும், மூடுவதைக் குறிக்கும் 'போஷ்' என்பதும் சேர்ந்த சொல்லின் சிதைவு அது. 'கலம்காரி' என்பது பாரசீக மொழியில் எழுதுகோலால் செய்யும் வேலை எனப் பொருள்படும். இவை யாவும் ஒருவர் வாயினின்று மற்றொருவர் வாய்க்குச் சென்று உருமாறிய சொற்கள் என்பதை அன்பர்கள் கருத்தில் இருத்துக. தமிழிலோவெனின், எழுத்தை வரைதற்கும் ஓவியம் தீட்டுதற்கும் 'எழுதுதல்' என்னும் ஒரு சொல்லே அமைந்துள்ளது. ஆதலின் துணியில் பூ வரைவோனும் நம் மொழியில் எழுதுவோனே ஆவான்.

இத்தொழிலின் தொன்மை பெரிது. சிந்துவெளியில் மொகஞ்சதாரோ என்னுமிடத்தை அகழ்ந்தபோது, வெள்ளிக் கலம் ஒன்றில் ஒட்டியிருந்த பருத்தித் துணித் துண்டு கிடைத்தது. அது மஞ்சிட்டி இனத்து வேரினாற் சிவப்பேற்றப்பட்டது என்று ஆராய்ந்தோர் கண்டனர். எகிப்து நாட்டிற் கெய்ரோ நகரை அடுத்த புஸ்தாத் என்னும் பழம்பதியிற் கூர்ச்சரத்து அச்சுத் துணிகளின் துண்டுகள் மிகப் பல அகப்பட்டுள்ளன. சிலப்பதிகாரத்திற்கு உரை வகுத்த அடியார்க்கு நல்லார் துகில் வகைகளின் பெயர்களை நீண்ட வரிசையாகத் தொகுத்துத் தந்துள்ளார். இத்துணை வகைகளைப் பெயரிட்டுப் பிரித்தறிந்த மக்களின் கண், துணியின் நுட்பத்திற் பழகிய கண்ணாதல் வேண்டும்.

நிற்க. சித்திரத்தின் பிறப்பை அறிய விரும்புவோர் அது துணியில் ஏறும் முறையை முன்னர் அறிதல் வேண்டும். தாளில் எழுதுவோன் நினைத்த நிறத்தை நினைத்த இடத்தில் இடலாம். சோழமண்டலக் கரையில் துணியில் எழுதினோர்க்கு அஃது எளிதன்று.

பாதி வெளுத்த துணியைக் கடுக்காய்த் தூளும் எருமைப்பாலும் கலந்த நீரில் தோய்த்து உலர்த்துவர். கடுக்காயின் துவர்ப்பு நிறத்தைப் பற்றிக்கொள்ளும். பாலின் கொழுப்பு, எழுதிய கோடு பரவாமற் காக்கும். பின்னர்க் கட்டையால் அடித்துத் துணியை வழவழப்பாக்குவர். தாளில் வரைந்த உருவத்தின் கோடுகள்தோறும் ஊசியாற் குத்தி, அத்தாளைத் துணிமேல் விரித்துக் கரித்தூளைத் தட்டினால், புள்ளி வரிசையாக உருவம் துணியில் விழும். அதன்மேல் மூங்கிற் கோலால் எழுதுவர். கருங்கோட்டிற்கு இரும்பு ஊறிய நீர். செந்நிறத்திற்குப் படிகார நீர். இதில் ஒரு வியப்பு உண்டு. படிகார நீர் தன்னிற் சிவப்பன்று. துணி பின்னர்ச் சாயவேர் இட்டுக் காய்ச்சிய நீரிற் கொதிக்கும்போதுதான், படிகாரம் பட்ட இடமெல்லாம் சிவந்து தோன்றும். ஆகவே எழுதுவோன் தன் கண்ணுக்கு இன்னும் புலப்படாத சிவப்பை மனத்திற் கண்டே எழுதினான்.

நீலத்திற்கு வேறு வழி. நீலம் ஏற வேண்டாத இடமெல்லாவற்றையும் மெழுகால் மூடி, துணியை அவுரித் தொட்டியில் அமிழ்த்தி எடுத்து, வெந்நீரில் மெழுகை நீக்குவர். இறுதியாக மஞ்சளைத் தீட்டுவர். நீலத்தின்மேல் மஞ்சள் படிந்த இடம் பசுமையாகும். இடையிடையே சாணநீரில் ஊறவைத்தலும், அலசுதலும், வெயிலில் வெளுத்தலும் பன்முறை நிகழும். இவ்வாறு ஒரு துணி முற்றுப்பெறப் பல நாட்கள் செல்லும். பலர் கைகள் படும். நூற்றவர், நெய்தவர், வேர் தோண்டியவர், மெழுகிட்டவர், எழுதியவர், தோய்த்தவர், வெளுத்தவர் என்னும் இவரெல்லாரும் கூடியே ஒரு பூவை மலர்வித்தனர். ஆதலின் இப்புகழை எந்த ஒரு குலத்தாரும் தமக்கே உரித்தென்று கொள்ளுதல் பொருந்தாது. நம் வெளியீட்டில் இதனை எழுதுதற்கு யாம் நாணவில்லை. உண்மையைக் கூறுதல் நம் குலத்திற்கும் பெருமையே.

இனி, வடிவம் வந்த வழியைக் காண்போம். இக்கரைத் துணி பல நாடுகளுக்குச் சென்றது. சாவகம், சுமத்திரா முதலிய தீவுகளில் நறுமணப் பொருள்களை வாங்குதற்குப் பொன்னினும் இத்துணியே பெரிதும் பயன்பட்டது. அத்தீவினர் சிவந்த நிலத்தையும், ஓரத்திற் கூர்முனை முக்கோண வரிசையையும் விரும்பினர். நம்மவர் அவ்வாறே செய்து அனுப்பினர். சயாம் நாட்டு அரண்மனைக்கு அந்நாட்டு மாதிரிப்படியே கைகூப்பிய தேவ உருவங்களை எழுதி அனுப்பினர். ஒல்லாந்தர் 1613-இற் பழவேற்காட்டிற் கோட்டை கட்டியதும், ஆங்கிலர் 1639-இற் சென்னையில் இடம் பெற்றதும் பெரும்பாலும் இத்துணி வாணிகத்தின் பொருட்டே. 1734-இற் சென்னையிற் சின்னத்தறிப்பேட்டை ஏற்பட்டபொழுது, நெய்வோரோடு துணியில் எழுதுவோரும் அங்குக் குடியேற்றப்பெற்றனர்.

ஐரோப்பியர் விரும்பியது வேறு. 1643-இல் இலண்டனிலிருந்த கிழக்கிந்தியக் கம்பெனித் தலைவர்கள் சூரத்திலிருந்த தம்மவர்க்கு ஒரு கடிதம் விடுத்தனர். விரிப்புக்கள் இருண்ட சிவப்பு நிலத்தில் வருவது எல்லார்க்கும் உவப்பாக இல்லை. இனி வெண்ணிலம் மிகுதியாக இருக்கட்டும். பூவும் கிளையும் நிறத்தோடு நடுவில் அமையட்டும் என்பது அக்கடிதத்தின் கருத்து. இதுமட்டும் கேட்பின் நம் மாணவன் கூறியதே உண்மை என்று தோன்றும். ஆனால் அக்கடிதத்தில் மற்றொரு சிறு தொடரும் உண்டு. பூவையும் கிளையையும் எழுதுவோன் தன் விருப்பம்போல் அமைக்கலாம் என்பதே அது. நிலத்தின் நிறத்தைக் கேட்டவர்கள், கிளையின் வளைவைக் கேட்கவில்லை. அதனை எழுதுவோனிடமே விட்டனர்.

அவன் யாது செய்தான்? பாலம்போர்களில் நடுவே நிற்கும் பெருமரத்தை அன்பர்கள் அருங்காட்சியகங்களிற் கண்டிருக்கலாம். பாறைமேட்டின்மேல் வேரூன்றி, முறுகி வளைந்து எழும் அம்மரத்தின் ஒரே கிளையிற் பத்து வகைப் பூக்கள் பூத்திருக்கும். இலைகளும் பல வடிவின. இயற்கையில் அத்தகைய மரம் யாண்டும் இல்லை. ஜான் இர்வின், கேதரின் பிரெட் என்னும் அறிஞர் இருவர் 1970-இல் வெளியிட்ட நூலில் இச்சித்திரங்களின் மூலங்களை விரிவாக ஆராய்ந்தனர். பாரசீகத் தோட்டத்து மரமும், சீனத்துப் பாறையும் மூங்கிலும், ஆங்கில மாதர் ஊசிவேலையின் கொடியும், இந்நாட்டு மயிலும் அதில் ஒன்றுகூடி நிற்கின்றன. இதனினும் வியப்பு, இங்கிருந்து சென்ற மரத்தைக் கண்ட ஆங்கிலர், அது கீழ்நாட்டின் புதுமை என்றெண்ணித் தம் ஊசிவேலையில் மீண்டும் அதனைப் பின்பற்றியதாகும். தம் வீட்டுக் கொடியையே அவர்கள் அடையாளம் காணவில்லை. அத்துணை மாறியிருந்தது அது.

அவ்வாறு மாற்றியது எது? கையும் சாயமுமே. சீமையிலிருந்து வந்த மாதிரிகளில் ஒளியும் நிழலும் நெருங்கிய கோடுகளாற் காட்டப்பெற்றிருக்கும். படிகார நீரால் எழுதுவோன் அந்நிழலை அவ்வாறே காட்டல் அரிது. ஆகவே அவன் நிழலை விட்டான். இதழின் உள்ளே நுண்ணிய புள்ளி, வரி, வலை, சிறு பூ என்பனவற்றை நிறைத்தான். மெழுகாற் காத்த இடத்தில் நூல்போன்ற வெண்கோடுகளை எழுப்பினான். இதழினுள் இதழாக அமைந்த அந்நிறைவே நம் சீட்டியின் தனியழகு என்று இன்றும் உலகம் போற்றுகின்றது. கருவியின் குறை என்று நாம் கருதுவது எதுவோ, அதுவே அவனுக்குப் புதுவடிவைக் காட்டும் ஆசானாயிற்று.

மர அச்சிலும் இவ்வாறே. அச்சின் ஓரம் அடுத்த அச்சின் ஓரத்தோடு பொருந்தவேண்டும். இல்லையேல் கொடி இடையில் அறுபடும். ஆதலின் அச்சு வெட்டுவோன் ஒரு பூவை மட்டும் எண்ணாமல், அதனை அடுத்து மீண்டும் வரும் அதே பூவையும் உடன் எண்ணுகின்றான். நம் இல்லத்துப் பெண்கள் வாயிலிற் புள்ளியிட்டுக் கோலம் இடுங்கால், ஒரு வளைவை இழுக்கும்போதே அது எங்கே திரும்பி வந்து கூடும் என்பதை அறிந்திருப்பார்கள் அன்றோ? அவ்வறிவே இதுவும்.

இஃதிங்ஙனமாக, இத்துணி ஐரோப்பாவில் பெரும் கலக்கத்தை விளைத்தது. வெயிலிலும் நீரிலும் மங்காத நிறத்தை அவர்கள் பருத்தியிற் கண்டதில்லை. அரசியர் முதல் ஏவலர் ஈறாக யாவரும் சீட்டி உடுக்கலாயினர். தம் பட்டும் கம்பளியும் விலைபோகாமை கண்ட நெசவாளர் முறையிட்டனர். 1686-இற் பிரெஞ்சு அரசு சீட்டியை விலக்கியது. அவ்விலக்கு 1759 வரை நீடித்தது. இங்கிலாந்தில் 1700-இல் இயற்றிய சட்டம் அச்சிட்ட கீழ்நாட்டுத் துணியின் இறக்குமதியைத் தடுத்தது. 1719-இல் இலண்டன் நெசவாளர் கலகம் செய்து, சீட்டி உடுத்த மாதரைத் தெருவில் மறித்து ஆடையைக் கிழித்தனர். 1721-இல் அச்சிட்ட பருத்தித் துணியை உடுப்பதையே தடுக்கும் சட்டம் பிறந்தது. அது 1774-இல் நீக்கப்பெற்றது. நெசவாளர் செயல் கொடிது. எனினும் அவர் வயிற்றின் துன்பம் பொய்யன்று. பின்னர் நம் நாட்டு நெசவாளர்க்கும் அதே துன்பம் நேர்ந்தது.

தடை இருந்த காலத்திலேயே அறிவைக் கொண்டுசெல்லும் முயற்சியும் நடந்தது. 1734-ஆம் ஆண்டளவிற் புதுச்சேரியில் இருந்த பொலியூ என்னும் பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி, துணி எழுதும் வேலையை உடனிருந்து கண்டு குறித்து, வேலையின் ஒவ்வொரு படியிலும் ஒரு துண்டு துணியை எடுத்துத் தன் குறிப்போடு பாரிசுக்கு அனுப்பினார். 1742-இற் கேர்து என்னும் ஏசு சபைப் பாதிரியார், அத்தொழிலில் வல்ல புதுக் கிறிஸ்தவர்களை உசாவி, முறை முழுவதையும் கடிதமாக எழுதினார். சமஸ்கிருதத்திற்கும் இலத்தீன், கிரேக்கம் ஆகிய மொழிகளுக்கும் உள்ள உறவை எடுத்துக்காட்டியோருள் முற்பட்டவர் என்று மொழிநூலார் போற்றும் பாதிரியார் இவரே. கடுக்காயும் எருமைப்பாலும் கரித்தூளும் பற்றி யாம் மேலே கூறியவற்றை இன்று அறிதற்கு அவர் கடிதமும் ஒரு துணை. கேர்து பெயர் நிலைத்தது. பொலியூ பெயர் நிலைத்தது. அவ்விருவர்க்கும் கைத்திறத்தைக் காட்டிய எழுதுவோர் பெயர் உலகறியாதாயிற்று. மங்காத நிறத்தைக் கண்டவர்கள் தம் பெயரைத் துணியின் ஓரத்தில் எழுதாது போயினர்.

1760-இல் ஓபர்காம்ப் என்பவர் பிரான்சில் வெர்சேல்சுக்கு அருகிலுள்ள ஜூயி என்னும் ஊரில் துணி அச்சிடும் தொழிற்சாலையை நிறுவினார். தொடக்கத்தில் கீழ்நாட்டுப் பூக்களே அவர்க்கு மாதிரி. ஆனால் அவ்வளவில் அவர் நின்றாரல்லர். ஹுயே என்னும் ஓவியரை அமர்த்தினார். 1783-இல் ஹுயே அவர்க்காக எழுதிய சித்திரம் யாது எனின், அத்தொழிற்சாலையின் வேலைகளே. துணி அலசுவோர், புல்வெளியில் விரிப்போர், அச்சிடுவோர் ஆகியோரையே பூவும் மரமும் சூழ அவர் துணியில் எழுதினார். தம் கண்முன் நாள்தோறும் நிகழ்ந்த வேலையே அவர்க்குச் சித்திரமாயிற்று.

அதே 1783-இல் தாமஸ் பெல் என்பவர் செம்பு உருளையால் துணி அச்சிடும் இயந்திரத்திற்கு உரிமை பெற்றார். பலர் பல நாள் கைவருந்திச் செய்ததை அது விரைவிற் செய்தது. பின்னர் 1866-இல் இலண்டனில் போர்ப்ஸ் வாட்சன் என்பவர் ஓர் அரிய வேலையைச் செய்தார். இந்நாட்டுத் துணிகளை வெட்டி, 700 துண்டுகளை 18 தொகுதிகளில் ஒட்டினார். இவ்வாறு 20 படிகள் ஆக்கி, 13-ஐ அந்நாட்டிலும் 7-ஐ இந்நாட்டிலும் வைக்கச் செய்தார். இந்நாட்டு மக்கள் எத்தகைய துணியை எவ்வாறு உடுக்கின்றனர், கரை எங்கு அமைகின்றது, தலைப்பு எங்கு அமைகின்றது என்பதைச் சீமை ஆலைக்காரர் அறிந்து, அதற்கேற்ப நெய்து இங்கு விற்க வேண்டும் என்பதே முதல் நோக்கம். அவர் உழைப்பை யாம் இகழவில்லை. நம் பாட்டியர் புடைவையின் கரையை நம்மினும் கூர்ந்து நோக்கியவர் கடல் கடந்து இருந்தார் என்பதே எம் நெஞ்சை வருத்துவது.

நிறத்திற்கும் கேடு வந்தது. மஞ்சிட்டி இனத்து வேர்களிலும் நம் சாயவேரிலும் உள்ள செந்நிறப் பொருளை, 1868-இற் கிரேபே, லீபர்மன் என்னும் செருமானிய வேதிநூலார் நிலக்கரித் தாரினின்று ஆக்கினர். 1897-இற் செயற்கை நீலம் கடைக்கு வந்தது. கடற்கரை மணலிற் சாயவேர் தோண்டியோர் தொழில் ஒழிந்தது; அவுரி விளைத்தோர் தொழில் தளர்ந்தது.

தமிழ்நாட்டிலே இதற்கு ஒரு சான்று கோடாலிக்கருப்பூர். தஞ்சை மராட்டிய மன்னர் அரண்மனைக்கு அவ்வூரார் செய்த சேலைகள் உலகில் ஒப்பற்றவை. சரிகையால் பூ நெய்த பருத்தித் துணியின்மேல், மெழுகால் வெண்கோடிட்டுச் செங்கருமை நிறத்தில் தோய்ப்பர். நிறத்தின் அடியிலிருந்து பொன் ஒளிரும். நெய்வோன் சித்திரமும் எழுதுவோன் சித்திரமும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருந்தியது அச்சேலை. இரண்டாம் சிவாஜி மன்னர் 1855-இல் மறைந்தபின் அரசாதரவு நீங்கிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டு முடியுமுன் அச்சேலையும் மறைந்தது. ஆயினும் கோயில்களுக்குரிய தொம்பையும் விதானமும் எழுதும் கை முற்றும் அற்றுப்போகவில்லை. கருப்பூர்க் கலம்காரி ஓவியத்திற்கு 2021-இற் புவிசார் குறியீடு அளிக்கப்பெற்றது.

இவ்விடத்து ஓர் ஐயம் எழலாம்: இயந்திரம் வந்தபின் பழைய கைவேலையால் ஒருவன் யாது கற்றல் கூடும்? இங்கிலாந்தில் வில்லியம் மாரிஸ் என்பவர் வாழ்க்கை அதற்கு விடையாகும். இயந்திரம் நாடெங்கும் நிறைந்த காலத்தில், 1875 முதல் லீக் என்னும் ஊரில் தாமஸ் வார்டில் என்பாருடன் சேர்ந்து அவர் பழைய தாவரச் சாயங்களைக் கற்றார். அவுரித் தொட்டியில் தம் கையையே அமிழ்த்தி நீலமாக்கிக்கொண்டார். பொருட்காட்சிச்சாலையிற் கீழ்நாட்டுத் துணிகளையும் பழைய நூல்களின் செடிப் படங்களையும் பயின்றார். ஆனால் அவர் பெயர் விளங்கிய சித்திரம் எதனின்று பிறந்தது? அவர் வாழ்ந்த நாட்டுப்புறத்து வீட்டுத் தோட்டத்தில் 'ஸ்ட்ராபெரி' என்னும் செம்பழத்தைச் சிறு பறவைகள் வலையின்கீழ் நுழைந்து கவர்ந்தன. அப்பறவைகளையே 1883-இல் அவர் அவுரி நீலத்தின்மேல் அச்சிட்டார். பழம் திருடும் பறவையைத் துரத்தியோர் உலகிற் பலர். அதனை நின்று நோக்கியவர் சிலர். நோக்கியவருள்ளும், நீலத்தின்மேல் அதனை எழுப்பும் முறையைக் கையால் அறிந்தவர்க்கே அது துணியாயிற்று.

இப்பொழுது திண்ணை வழக்கிற்குத் தீர்ப்புக் கூறுவோம். பெரியவர் கூற்று முழுவதும் ஒப்புதற்குரியதன்று. நம் முன்னோர் பாரசீகத்தையும் சீனத்தையும் சீமையையும் பார்த்தே எழுதினர், பார்த்தல் இழிவன்று. கண்ணை மூடிக்கொண்டிருந்தாராயின் அவர் துணி கடல் கடந்திராது. மாணவன் கூற்றும் ஒப்புதற்குரியதன்று. பார்த்ததை அவ்வாறே எடுத்து வைத்தாராயின், சீமையார் தம் கொடியைத் தாமே அறிந்துகொண்டிருப்பர். பிறர் வடிவைக் காணுதல், தன் நிலத்துச் செடியைக் காணுதல், சாயமும் கட்டையும் தடுக்கும் இடத்தில் வேறு வழி காணுதல் என்னும் இம்மூன்றும் கூடுமிடத்திலேயே புதுச் சித்திரம் பிறக்கின்றது. இவற்றுள் முதலொன்று மட்டும் இன்று எளிதிற் கிடைக்கின்றது. ஏனைய இரண்டும் விலைக்கு வாரா.

இதனைக் கூறும்பொருட்டு மாசித் திங்களில் ஒரு ஞாயிற்றுக்கிழமை யாம் அம்மாணவன் இல்லத்திற்குச் சென்றோம். அவன் மறுக்காமற் பரணிலிருந்து அச்சுக்களை இறக்கினான். சிலவற்றிற் செல் அரித்திருந்தது. கிளியின் அச்சில் மூக்கு முறிந்திருந்தது. பெரிய பூவின் அச்சை நீலமையில் ஒற்றித் தாளிற் பதித்தோம். அவன் பாட்டியார் எண்பது கடந்தவர், கண்ணொளி குன்றியவர். தாளை வெளிச்சத்திற் பிடித்து நெடுநேரம் நோக்கினார்.

"பூ எந்தப் பூவோ, எனக்குத் தெரியாது. ஆனால் இலை நம் கொல்லைப் பாகல் இலை. உன் தாத்தா வேலியோரம் உட்கார்ந்து அதைத்தான் பார்த்துப் பார்த்து வெட்டினார். சுருண்டிருக்கிறதே இந்தத் தளிர்க்கை, இதற்காக இரண்டு கட்டை வீணாயிற்று" என்றார்.

மாணவன் ஒன்றும் பேசவில்லை. கொல்லைக்குச் சென்று ஒரு பாகல் இலையைக் கிள்ளி வந்து, பதித்த தாளின்மேல் வைத்தான். ஐந்து பிளவும், பிளவின் ஓரத்துப் பற்களும் பொருந்தி நின்றன. பூ எந்நாட்டதாயினும் ஆகுக. இலை அவ்வீட்டு வேலியினது. அத்துணியைப் பல்லாண்டு பெட்டியில் வைத்திருந்தோர் ஒருவரும் இதனைக் கண்டிலர். யாமும் திருமண நாளில் அதனைக் கையில் வாங்கிப் பார்த்தவரே, யாமும் கண்டிலோம்.

அச்சுக்களை விற்பதா, வைத்துக்கொள்வதா என்பதை அவன் இன்னும் எமக்குக் கூறவில்லை. வாங்குபவர் குறித்த தவணை ஆடியில் முடிகின்றது. அவனுக்குக் கடன் உண்டு என்பதை யாம் அறிவோம். ஆதலின் விற்றல் பழி என்று கூற எமக்கு நா எழவில்லை. விற்கும் முன் நாற்பது அச்சையும் தாளிற் பதித்து, ஒவ்வொன்றன் அருகே பாட்டியார் கூறுவதை எழுதி வைக்குமாறு மட்டும் கேட்டுக்கொண்டோம். எழுதத் தொடங்கியிருக்கின்றான்.

நம் சங்கத்து அன்பர்களையும் தாய்மார்களையும் யாம் வேண்டிக்கொள்வதும் அதுவே. இல்லத்துப் பெட்டியிலும் பரணிலும் பழந்துணியோ அச்சோ இருக்குமாயின், அதனைப் பெருமைக்காக மட்டும் மடித்து வையாதீர்கள். வெளிச்சத்தில் விரித்து, உங்கள் மக்களோடு அமர்ந்து நோக்குங்கள். இது எவ்விலை, எப்பறவை, இக்கோடு ஏன் இங்கே திரும்பிற்று என்று வினவுங்கள். விடை கூறவல்ல முதியோர் இருக்கும்போதே அவ்விடையை எழுதிக்கொள்ளுங்கள். எழுதியோர் பெயர் போயிற்று; அவர் நோக்கிய வேலியேனும் நம் பிள்ளைகள் கண்ணிற் படுவதாக.